அனுபவித்து வருபவர்

குழாய் முதலில் இருமும். பிறகு பழுப்பாகக் கொஞ்சம் துப்பும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். அந்தப் பழுப்பை வாளியில் பிடித்து முருங்கைக்கு ஊற்ற வேண்டும், சாக்கடைக்கு விடக் கூடாது என்பது வடிவு போட்ட சட்டம். சட்டம் போட்ட என் மனைவி செத்துப் பதினாறு வருஷமாகிறது. மீறினால் கேட்க இந்த வீட்டில் ஆளில்லை. ஆனாலும் இன்றைக்கும் வாளியைத்தான் முதலில் வைத்தேன். இதற்குப் பயம் என்று பெயரா, பழக்கம் என்று பெயரா, தெரியவில்லை. தண்டிக்க ஆளில்லாத வீட்டில் ஒருவன் ஒழுங்காக இருந்தால் அதற்கு நான் படித்துக்கொண்டிருக்கிற சட்டப் புத்தகத்தில் என்ன காரணம் எழுதியிருக்கும். வாளியை முருங்கையடியில் கவிழ்த்துவிட்டு வந்து நீல டிரம்முக்குள் ரப்பர் டியூபை விடுகிறேன். டிரம், பிறகு அண்டா, பிறகு பிளாஸ்டிக் குடங்கள், கடைசியாகக் குடிக்கிற தண்ணீருக்குச் செம்புக்குடம். வரிசையும் அவள் போட்டதுதான். நேற்று போனில் ஒரு அதிகாரி, சின்னப் பெண் குரல், நாளைக் காலையில் வீட்டில் இருப்பீர்களா ஐயா என்று கேட்டபோது, நாளைக்குத் தண்ணீர் வருகிற நாள், வேறெங்கே போவேன் என்றேன். அவள் சிரித்துவிட்டு உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். சிரிக்கக் கூடாத விஷயத்துக்காகக் கூப்பிட்டது நினைவு வந்திருக்கும். தங்கபாண்டி, ஆயுள் தண்டனை அனுபவித்து வரும் கைதி, அவரை முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று அரசாங்கம் பார்க்கிறது, நான் நன்னடத்தை அலுவலர், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டு எழுத வேண்டும் என்றாள். அனுபவித்து வரும். போனை வைத்த பிறகும் அந்தச் சொல் காதிலேயே நின்றது. மாம்பழத்தையும் அனுபவிக்கிறோம், வீட்டையும் நிலத்தையும் அனுபவிக்கிறோம், தண்டனையையும் அனுபவிக்கிறோம். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலமாகப் பேசி வருகிறோமே, யாருக்கும் உறுத்தவில்லையா. ஆஸ்பத்திரி வாசலில் வடிவுடைய சித்தி மண்ணை அள்ளித் தூற்றி, அனுபவிப்பான், அவன் அனுபவிப்பான் என்று கத்தினாள். அது சாபம். அரசாங்கம் அதையே மெதுவாக, பணிவாகச் சொல்கிறது.

டிரம்மில் தண்ணீர் விழுகிற சத்தம் கனமாகிறது. கால்வாசி ஏறியிருக்கும். நேற்றே விஷயத்தைச் சொல்லியிருந்தேன், காலையில் காந்திமதி திருப்பூரிலிருந்து கூப்பிட்டாள். எனக்கு ஒரே பிள்ளை அவள். அம்மா போனபோது கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்தாள். அந்தக் குழந்தை இப்போது பிளஸ் டூ படிக்கிறது. ஆட்சேபணை இருக்குன்னு சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க, நீங்க பேச ஆரம்பிச்சா எதிராளிக்கு வக்கீலாகிருவீங்க என்றாள்.  நான் என்ன கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். "அவன் உள்ள இருந்தா அம்மா திரும்பி வந்துருவாங்களான்னு மட்டும் கேட்டுராதீங்கப்பா. வர மாட்டாங்க. அதனாலதான் அவனும் வரக் கூடாது." அப்புறம் முடிவாகச் சொன்னாள், நீங்க சரின்னு சொல்லிட்டா நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று. கோபத்தில் சொல்வது வேறு. இவள் கோபமில்லாமல் சொன்னாள். பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. கிளை நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த பழைய சட்டப் புத்தகம் ஒன்று எடுத்து வந்து இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எட்டாவதோடு நின்றவன், மின்வாரியத்தில் கம்பம் ஏறினவன், எனக்குப் புரிகிற வேகம் அவ்வளவுதான். ஒருவனைத் தண்டிக்க என்ன நியாயம் என்று அதில் ஒரு அத்தியாயம் முழுக்க இருக்கிறது. காந்திமதி சொன்ன அளவுக்குச் சுருக்கமாக அதில் ஒரு வரி இல்லை. வராதவள் ஒருத்தி இருக்கிறாள், அதனால் வரக் கூடாதவன் ஒருவன் இருக்க வேண்டும். தராசில் இந்தப் பக்கம் ஒரு கல் விழுந்துவிட்டால் அந்தப் பக்கமும் ஒரு கல் வைக்காமல் முள் நேராக நிற்காது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, தீர்ப்பு நாள் வரைக்கும். தீர்ப்பு நாளில் ஆயுள் தண்டனை என்று நீதிபதி வாசித்தபோது எனக்குள்ளே ஏதோ நேராகும், ஏதோ ஒரு இடத்தில் போய் உட்காரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பசித்தது. அவ்வளவுதான். வெளியே வந்து கோர்ட்டுக்கு எதிரே நின்று பரோட்டா தின்றேன். சால்னா காரமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். தின்றுகொண்டிருக்கும்போதே, போலீஸ் வேனில் ஏற்றுவதற்காக அவனைக் கொண்டுவந்தார்கள். அவனும் நான் தின்பதைப் பார்த்தான். அந்தப் பார்வையில் வேறொன்றும் இல்லை, அவனுக்கும் பசி.

டிரம் பாதி. டியூப் வழுக்கி வெளியே வரப் பார்க்கிறது, பிடித்துக்கொள்கிறேன். கையில் ரப்பர் வாடை. பைக்கில் வருகிறவர்கள் கழுத்துச் சங்கிலியைப் பறிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சான வருஷம் அது. வடிவு தன் தங்கத் தாலிக்கொடியைக் கழற்றி பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு, கடைவீதியில் ஒரு கவரிங் சங்கிலி வாங்கித் தாலியை அதில் கோத்துக்கொண்டாள். மின்னல் மாதிரி மின்னியது. இதை எவன் பறிப்பான், பறிச்சா அவனுக்குத்தான் நட்டம் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். பறிக்க வருகிறவன் உரசிப் பார்த்துவிட்டா வருவான் என்று எனக்கும் தோன்றவில்லை. மாவு மில் திருப்பத்தில் பின்னாலிருந்து வந்தவன் இழுத்தான். தங்கமாக இருந்தால் அறுந்திருக்கும். தங்கம் இளகின உலோகம், ஒரு வெட்டு இழுப்புக்குக் கையோடு வந்துவிடும், கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழும், அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்து வந்திருப்பாள். கவரிங் என்பது உள்ளே பித்தளை. அது அறுக்கவில்லை. வண்டியோடு இழுத்துக்கொண்டு போனது. கொக்கி விட்டுக்கொடுத்தபோது அவள் தலை தெருவோரச் சாக்கடையின் வாறுகால் கல்லில் இருந்தது. நான்காம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில், கண் திறக்காமலே. கம்பியை இழுத்து இழுத்தே சம்பளம் வாங்கினவன் நான். எந்தக் கம்பி எந்த இழுப்புக்குப் போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவனுடைய வக்கீல் கோர்ட்டில் சொன்னதும் இதுதான். சங்கிலி தங்கமாக இருந்திருந்தால் என் கட்சிக்காரர் செய்தது வெறும் பறிப்பு, சில வருஷத்தில் வெளியே வந்திருப்பார், அதே கை, அதே இழுப்பு, உலோகம் மாறினதற்கு ஆயுளா என்றார். காந்திமதி அந்த இடத்திலேயே துப்பினாள். டவாலி வந்து அதட்டிவிட்டுப் போனான். நான் துப்பவில்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளே இறங்கிவிட்டது. கையைத் தண்டிக்கிறோமா, நடந்ததைத் தண்டிக்கிறோமா. இதே வேலையைச் செய்து தங்கச் சங்கிலியோடு போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். இவனுக்கு வாய்த்தது பித்தளை. அடகுக் கடையில் உரசிப் பார்த்துக் கவரிங் என்று சொன்னபோதுதான் அவனுக்கே தெரிந்ததாம், இல்லை தங்கம்தான் என்று சண்டை போட்டிருக்கிறான், அந்தச் சண்டையில்தான் பிடிபட்டான். ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "பேரு தங்கபாண்டி, பறிச்சது கவரிங். எப்படி அண்ணாச்சி பொருத்தம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் உதட்டைக் கொஞ்சம் விரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். எதிரே மேஜையில் அந்தச் சங்கிலி, தாலியோடு, ஒரு காகிதத்தின் மேல் கிடந்தது. வழக்குச் சொத்து, தர முடியாது என்றார்கள்.

அதனால் அவள் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கழுத்தில் ஒன்றும் இல்லை. அதைச் சித்திதான் முதலில் பார்த்தாள். புருஷன் உயிரோடு இருக்க, சுமங்கலி வெறுங்கழுத்தோடு போகக் கூடாது என்று பெண்கள் கூடிப் பேசினார்கள். லாக்கரைத் திறக்க முடியாது, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. யாரோ கயிற்றில் மஞ்சள் தடவினார்கள், யாரோ ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக் கொடுத்தார்கள். கட்டுகிறவர்தான் கட்ட வேண்டும் என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கல்யாணத்தில் முதல் முடிச்சு நான் போட்டேன், மற்ற இரண்டையும் என் அக்கா போட்டாள். அக்கா அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். மூன்று முடிச்சும் நீயே போடு என்றார்கள். சித்தி அவள் தலையைத் தூக்கிப் பிடித்தாள். கம்பத்து உச்சியில் ஒரு கையால் முடிச்சுப் போடுகிறவன், இரண்டு கையாலும் எனக்கு வரவில்லை. கயிறு ஈரமாக இருந்தது. மஞ்சள் வாடையும் ஆஸ்பத்திரி வாடையும். மூன்றாவது முடிச்சு விழுந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம். இதற்கு எந்தக் கல்லை அந்தப் பக்கம் வைப்பது. எவ்வளவு எடை. அண்ணாச்சி, அண்ணாச்சி என்று சத்தம். எதிர்வீட்டு சுப்புத்தாய் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிறாள். டிரம் நிறைந்து வழிந்து வாசலெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். தெருவையே கூட்டி, "அண்ணாச்சி தண்ணிய விட்டுட்டு யோசனையப் பிடிக்காரு" என்கிறாள். டியூபை அண்டாவுக்கு மாற்றுகிறேன். யோசனையைப் பிடித்து வைக்க ஒரு டிரம் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும், மூடி போட்டுவிடலாம்.

மற்றவனுக்குப் பயம் வர வேண்டும் என்பது அந்தப் புத்தகத்தில் இன்னொரு நியாயம். ஒருவனை உள்ளே போட்டால் ஊரில் பத்துப் பேர் கையைச் சுருட்டிக்கொள்வார்கள். இந்த நியாயத்தை நானே என் கையால் கட்டியிருக்கிறேன். அபாயம் என்று எழுதி, மண்டை ஓடு போட்டு, குறுக்கே இரண்டு எலும்பு. டிரான்ஸ்பார்மருக்கு டிரான்ஸ்பார்மர் அந்தத் தகரப் பலகையை முள்கம்பி சுற்றிக் கட்டினேன். பந்தல்குடி ரோட்டில் தாமிரக் கம்பி திருட ஏறினவன் ஒருவன் கரிந்து தொங்கினான். நாங்கள்தான் இறக்கினோம். அவன் முழங்கை அந்தப் பலகையின் மேலேயே படிந்திருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் கம்பி போய்விட்டது. மண்டை ஓட்டுக்கு யாரோ கரியால் மீசை வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். பலகையைப் பார்த்துப் பயந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கடலை விற்கிற கிழவி, நான். ஏறுகிறவன் பார்ப்பதே இல்லை. தங்கபாண்டி ஜெயிலை நினைத்தா வண்டியை முறுக்கினான். அந்தக் கதையில் பயந்தவள் வடிவு ஒருத்திதான். அவள் பயந்து செய்த காரியம்தான் கவரிங். இதைப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவைக்கலாம் என்று பென்சிலை எடுத்துவிட்டு, நூலகப் புத்தகம் என்று வைத்துவிட்டேன். பிறகு திருந்துவது ஒன்று இருக்கிறது. ஜெயில் பேக்கரியில் வேலை கற்றுக்கொண்டார், பன், ரொட்டி எல்லாம் நன்றாகப் போடுவார், நல்ல பெயர் என்று அந்தப் பெண் போனில் சொன்னாள். காலையில் டீக்கடையில் வழக்கம்போலப் பன்னைக் கையில் எடுத்தேன். மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. வைத்துவிட்டேன். எடுத்ததை வைக்கக் கூடாது பெரியவரே என்று கடைக்காரர் கோபித்தார். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒருவன் பன் போடக் கற்றுக்கொள்வதற்கு என் வீட்டில் ஒருத்தி வாறுகால் கல்லில் விழ வேண்டுமா. வேண்டாம். ஆனால் விழுந்துவிட்டாள். விழுந்த பிறகு அவன் பன் போடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு என்ன நிறைந்திருக்கும். ஒன்றும் நிறைந்திருக்காது. அண்டா நிறைகிறது. குடத்துக்கு மாற்றுகிறேன். இடுப்பு பிடிக்கிறது. குனிந்தால் நிமிர நேரமாகிறது. அவனுக்கும் இப்போது ஐம்பது நெருங்கியிருக்கும், இடுப்பு பிடிக்கும்.

இந்த வீட்டிலும் தண்டனை உண்டு. நான் தப்புச் செய்தால் வடிவு பேச மாட்டாள். சோறு போடுவாள், வெந்நீர் வைப்பாள், சட்டையை மடித்துவைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. அவளிடம் புத்தகமும் இல்லை, அத்தியாயமும் இல்லை. எந்தத் தப்புக்கு எத்தனை நாள் என்று நானும் இருபத்தைந்து வருஷம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்டால் குறையாது. பூ வாங்கிக் கொடுத்தால் சாமி படத்துக்குப் போட்டுவிடுவாள். திடீரென்று ஒருநாள் அடுப்படியிலிருந்து, தண்ணி வந்துச்சா என்று கேட்பாள். அதுதான் விடுதலை. அதற்கு முன்னும் ஒன்றும் இல்லை, பின்னும் ஒன்றும் இல்லை. வந்துச்சு என்று சொல்லிவிட்டு நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒருமுறை துணிந்து, கோபம் போயிருச்சா என்று கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "போகலை. அலுத்துப் போச்சு" என்றாள். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. லைனில் வேலை செய்கிற ஆட்களிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது இரண்டாவது குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அது வேடிக்கையாக இல்லை. தண்டனை எப்போது முடிகிறது என்பதற்கு, வாங்குகிறவன் பக்கம்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். திருந்தினானா, வலித்ததா, போதுமா. கொடுக்கிறவன் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறதே, அவன் கை என்ன ஆகும். பதினாறு வருஷமாக நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவன் அந்த முனையை அனுபவித்து வருகிறான், நான் இந்த முனையை.

அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதானே. விட முடியவில்லை. அதற்குக் காரணம் நியாயம் இல்லை, அதுதான் நேற்று ராத்திரி எனக்குப் பிடிபட்டது. அவன் உள்ளே இருக்கிற வரைக்கும் வடிவுக்காக ஒரு கதவு பூட்டியிருக்கிறது. அவன் காலையில் எழுந்து வரிசையில் நிற்பது அவளால், மாவு பிசைவது அவளால், மழை பெய்தால் கம்பிக்குள்ளிருந்து பார்ப்பது அவளால். இந்த உலகத்தில் தினமும் அவளால் அசைகிறவர்கள் இரண்டு பேர்தான், வாளியை முதலில் வைக்கிற நான் ஒருவன், அவன் ஒருவன். காந்திமதிக்கு அவளுடைய மகன் இருக்கிறான், தையல் மெஷின்கள் இருக்கின்றன, அம்மாவை இடையிடையே நினைத்துத்தான் அழ முடியும். சொந்தக்காரர்கள் வருஷ திதியைக்கூட மறந்துவிட்டார்கள். அவன் வெளியே வந்துவிட்டால் அவள் ஒரு பழைய சாவு. ஊரில் எத்தனையோ சாவு, அதில் ஒன்று. அப்புறம் அவளைச் சுமக்க நான் மட்டும். எனக்கு எழுபத்திரண்டு. நானும் போய்விட்டால் முருங்கைக்குப் பழுப்புத் தண்ணீர் ஊற்றக்கூட ஆளில்லை. அவளை மறக்காமல் இருப்பதற்காக ஒருவனைப் பூட்டிவைக்கலாமா. கல்வெட்டு அடிக்கிறவன் கல்லைக் கேட்டா அடிக்கிறான். ஆனால் இது கல் இல்லை, பசிக்கிற ஆள், நான் பரோட்டா தின்பதைப் பார்த்தவன். இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை மறுபடியும் காந்திமதியிடமே போய் நிற்கிறது. வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றாள். செய்வாள். பேசாமலிருப்பதில் அவள் அம்மாவின் மகள். இருப்பது ஒரு பிள்ளை. அவன் முனையை விட்டால் இவள் முனையும் கையிலிருந்து போகும். மூன்றாவது குடம். ஐயா என்று ஒரு குரல். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் ஒரு பெண். செருப்பை வழிந்த தண்ணீரில் நனையாமல் எங்கே விடுவது என்று தேடுகிறாள்.

தண்ணி பிடிச்சு முடிங்க ஐயா, நான் இருக்கேன் என்றாள். உள்ளே உட்காரச் சொன்னேன், வேண்டாம் என்று படியிலேயே உட்கார்ந்தாள். அவள் ஊரிலும் இப்படித்தானாம், தண்ணீர் வருகிற நாளில் லீவு போடுவாளாம்.  பிறகு மனப்பாடம் செய்ததைப் போல அவனுடைய நடத்தை, வயது, வெளியே வந்தால் தங்குவதற்கு ஒரு தங்கை வீடு இருப்பது எல்லாவற்றையும் சொன்னாள். நீங்க என்ன சொன்னாலும் அப்படியே எழுதுவேன், அதை வைச்சு மட்டும் முடிவு பண்ண மாட்டாங்க, அதனால மனசுல உள்ளதைச் சொல்லுங்க என்றாள். நல்ல பிள்ளை. பேனா மூடியைத் திறந்து, "உங்களுக்கு ஆட்சேபணை இருக்குங்களா ஐயா?" என்று கேட்டாள். செம்புக்குடத்தை வைக்கக் குனிந்தவன் அப்படியே நின்றேன்.  வாயில் வந்தது வேறு.

"அவனுக்கு அவ பேரு தெரியுமா?"

"யாரு பேருங்கய்யா?" என்றவள், கேட்ட பிறகு முகம் சுருங்கிப்போனாள்.  "தெரியலை. நான் போய்ப் பேசுனப்ப அந்தம்மா, அந்தம்மான்னுதான் சொன்னாரு."

அந்தம்மா. பதினாறு வருஷம் பூட்டிவைத்து, மாவு பிசையவைத்து, மழையைக் கம்பி வழியாகப் பார்க்கவைத்து, கடைசியில் அந்தம்மா. நான் கல்வெட்டு என்று நினைத்துக்கொண்டிருந்த கல்லில் எழுத்தே இல்லை. சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் செம்புக்கே உரிய மணிச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சொன்னேன், எனக்கே அது வேறு யாரோ சொல்வது போல இருந்தது.

"ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கிடுங்கம்மா. கோபம் போயிருச்சுன்னு மட்டும் எழுதிராதீங்க. போகலை. அலுத்துப் போச்சு."

அவள் எழுத ஆரம்பித்தாள். அவனை விடுவதற்கு முன்னால் என் மனைவி பெயரை அவனிடம் சொல்ல வேண்டும் என்றேன். வடிவாம்பாள். வீட்டில் வடிவு. அதுக்கு ரிப்போர்ட்ல இடம் இல்லையேங்கய்யா என்றாள். எழுத வேண்டாம்மா, சொன்னால் போதும், ஒரு தடவை அவனையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். வாத்தியார் மாதிரி. அவள் தலையாட்டிவிட்டு, மறந்துவிடாமல் இருப்பதற்காக இருக்க வேண்டும், வடிவாம்பாள் என்று மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். இந்த வாசலில் இன்னொரு குரலில் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. பெயரைத் தெரிந்துகொண்டு அவன் வெளியே வரட்டும். தங்கை வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும்போது, பன்னைப் பிட்டு டீயில் நனைக்கும்போது, கூப்பிடாமல் வந்து நிற்கிற பெயர். இது தண்டனையில் சேருமா, விடுதலையில் சேருமா, அந்தப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. கையெழுத்துப் போட்டேன். அவள் ஈரத்தில் நடந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். தெரு முனையில் திரும்பும்போது மெதுவாகத்தான் திரும்பினாள்.

செம்புக்குடம் பாதிதான் நிறைந்திருந்தது, போன் அடித்தது. காந்திமதி. மெஷின் சத்தம் இல்லை, வெளியே வந்து நின்று பேசுகிறாள் போலிருக்கிறது. என்ன சொன்னீங்க என்றாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், விடுதலை ஆகிறபோது அரசாங்கத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டும்.

"ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிட்டேன்மா. அவனுக்கு உங்க அம்மா பேரே தெரியலை. பேரைச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. போனை வைக்கவும் இல்லை. எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது, யாரோ யாரையோ டீக்குக் கூப்பிட்டார்கள், அவள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். எத்தனை நாள் என்று தெரியாமல் காத்திருக்க எனக்குப் பழக்கம் உண்டு. குழாய் ஒருமுறை இருமியது. தண்ணீர் மெலிந்து நூலாகி, குடத்தின் கழுத்துக்குக் கீழேயே நின்றுபோனது. டியூபிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுந்தன. வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது குரல் வந்தது, அழுது முடித்த குரல், கோபம் போகாத குரல்.

"தண்ணி வந்துச்சாப்பா?"

"வந்துச்சும்மா" என்றேன்.